அருவி விட்டுவைக்கும் இடம்

படத்தொகுப்பு ஏறத்தாழ முடிந்து காட்சிகளின் நீளம் உறுதியான பின்னர், உரையாடலுக்கும் சூழல் ஓசைகளுக்கும் இடையே இசையைப் பொருத்தும் பணியைத் தமிழ்த் திரையுலகம் ‘ரீரெக்கார்டிங்’ என்றும், பேச்சுவழக்கில் ‘ஆர்.ஆர்.’ என்றும் குறிப்பிடுகிறது. கதையை நம்பி நடக்கும் படத்தில் இப்பணிக்கான தூண்டுதல் பெரும்பாலும் கதையிலேயே கிடைத்துவிடும். தாய் இறந்தாள், மகன் திரும்பினான், பகைவன் வந்தான் என்ற நிகழ்ச்சிகளே இன்ன சுவை வேண்டும் என்று சொல்லிவிடுவதால், எந்த ராகம், எந்தக் கருவி என்ற தேர்வு மட்டுமே இசையமைப்பாளரிடம் எஞ்சும். சோதனைத் திரைப்படம், அதாவது கதைத் தொடர்ச்சியையும் உரையாடலையும் தளர்த்திவிட்டு, காட்சியின் கால அளவு, ஒளி, ஓசை, ஒன்றே மீண்டும் மீண்டும் வருதல் ஆகியவற்றையே தன் பொருளாகக் கொள்ளும் படம், இந்த உதவியை அளிப்பதில்லை. ஒரு பாறையில் ஏழு நிமிடம் நீர் விழுவதைக் காட்டும் காட்சிக்கு எந்தச் சுவை என்று கேட்டால் இயக்குநரிடமும் விடை இராது. குற்றாலத்து ஐந்தருவியைக் களமாகக் கொண்ட, பேச்சு மிகக் குறைந்த ஒரு படத்திற்குப் பின்னணி இசை அமைக்க நேர்ந்த இக்கட்டுரையாளர் அப்பணியின் வழியே வந்தடைந்த கருத்து இதுதான்: அத்தகைய இடத்தில் இசைக்கான தொடக்கம் மெட்டில் கிடைப்பதில்லை, கேட்கும் வெளியில் அருவி எதை மூடிவிடுகிறது, எதை விட்டுவைக்கிறது என்று அறிந்துகொள்வதில் கிடைக்கிறது.

தமிழில் இவ்வகைப் பணிக்கு முன்னோடிகள் குறைவெனினும் இல்லாமலில்லை. வீணைக் கலைஞரான எஸ். பாலசந்தர் 1954இல் இயக்கிய ‘அந்த நாள்’ பாடலே இல்லாமல் வெளிவந்தது. ஜெயகாந்தன் 1965இல் எடுத்த ‘உன்னைப்போல் ஒருவன்’ படத்திற்கு வீணைக் கலைஞர் சிட்டிபாபு இசையமைத்தார். ஜான் ஆபிரகாமின் ‘அக்ரஹாரத்தில் கழுதை’ (1977) எம்.பி. சீனிவாசனின் இசையைக் கொண்டது. இவர்களைவிட இத்துறையினர் அதிகம் கற்றுக்கொள்ளத் தக்கவர் எல். வைத்தியநாதன். கே. ஹரிஹரனின் ‘ஏழாவது மனிதன்’ (1982) படத்தில் பாரதியின் பாடல்களுக்கு இசையமைத்த அவரே, ஐந்தாண்டுகளுக்குப் பின் சிங்கீதம் சீனிவாசராவின் ‘பேசும் படம்’ என்னும் உரையாடலற்ற படத்திற்கும் பின்னணி இசை அமைத்தார். உரையாடல் இல்லாத படம் என்றதும் அந்த வெற்றிடம் முழுவதையும் இசையால் நிரப்பிவிடலாம் என்ற ஆசை எழுவது இயல்பு. ஆனால் அப்படத்தில் கதவு, தெரு, கூட்டம் ஆகியவற்றின் ஓசைகள் தத்தம் வேலையைச் செய்ய இடம் விடப்பட்டிருக்கிறது. அதன் மறுகோடியில் நிற்பது பாலு மகேந்திராவின் ‘வீடு’ (1988). அதன் பின்னணியில் ஒலிப்பது படத்திற்கென எழுதப்பட்ட இசையன்று. இளையராஜா 1986இல் தனித்தொகுப்பாக வெளியிட்ட ‘ஹவ் டு நேம் இட்’ என்னும் படைப்பிலிருந்து எடுத்துக்கொள்ளப்பட்டது. தியாகராஜரையும் மேற்கத்திய இசைமேதை பாக்கையும் ஒருங்கே வணங்கும் அந்த இசையில் ஒரு குரல்வரிசை மேல் இன்னொரு குரல்வரிசை அடுக்கப்படுவதும், படத்தில் செங்கல் மேல் செங்கல் ஏறுவதும் ஒன்றையொன்று விளக்குவதாக இக்கட்டுரையாளர் கருதுகிறார். இயக்குநர் அவ்வாறு எண்ணியிருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பி.எஸ். வினோத்ராஜின் ‘கொட்டுக்காளி’ (2024) இன்னும் ஒரு படி சென்று பின்னணி இசையையே முற்றாக விலக்கிவிட்டது. படப்பிடிப்பின்போதே பதிவான ஆட்டோவின் இரைச்சலும் சேவலின் குரலும் வழிநெடுகக் கேட்பதால், அங்கே இசை இல்லை என்று சொல்வதைவிட, ஓசைகளின் ஒழுங்கே இசையின் பொறுப்பை ஏற்றுக்கொண்டது என்று சொல்வதே பொருந்தும். சோதனைப் படத்திற்கு இசையமைக்க ஒப்புக்கொள்பவர் முதலில் தம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வியும், இப்படத்திற்கு இசை வேண்டுமா என்பதே.

ஐந்தருவி அமைந்திருக்கும் இடத்தின் இயல்பு இக்கேள்வியை இன்னும் கூர்மையாக்குகிறது. மேற்குத் தொடர்ச்சி மலை செங்கோட்டைக்கு மேற்கே ஆரியங்காவுக் கணவாயாகத் தாழ்வதால், தென்மேற்குப் பருவக்காற்று அவ்வழியே புகுந்து, தமிழகத்தின் பெரும்பகுதி காய்ந்து கிடக்கும் ஜூன், ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் தென்காசிக்கும் குற்றாலத்திற்கும் சாரலைக் கொண்டுவருகிறது. தென்காசிக் காசிவிசுவநாதர் கோயிலின் கோபுர வாசலில் நிற்பவரை நிலைகொள்ளாமல் தள்ளுவதும் இக்காற்றே. சிற்றாற்றின் நீர் பேரருவியாக இறங்கும் முறை வேறு, ஐந்தருவியில் கிளைகளாகப் பிரிந்து விழும் முறை வேறு. பேரருவியில் நீர் இடைவழியில் பொங்குமாங்கடல் என்னும் ஆழ்ந்த பள்ளத்தில் விழுந்து, அங்கிருந்து பொங்கிக் கீழே வருகிறது. ஐந்தருவியிலோ மெல்லிய தாரைகள் பாறையைத் தழுவியும் தாவியும் இறங்கிக் குளிப்பவர்களின் தலைமேல் நேராக அறைகின்றன. வெள்ளம் மிகுந்த நாளில் ஐந்து தாரைகளும் ஒன்றாகிவிடும். வெயில் காலத்தில் சில கிளைகள் வற்றிப்போகும். ஆகவே ஐந்தருவியின் ஓசை என்று ஒன்றைச் சொல்ல இயலாது. ஒரே இடத்தில் ஒலிவாங்கியை நிறுத்தினாலும் பருவத்திற்குப் பருவம் வேறு ஓசையே பதிவாகும்.

இந்த வேறுபாட்டின் காரணம் ஒலியியலில் தெளிவாகக் கூறப்பட்டுள்ளது. நீர் நீரில் விழும்போது கேட்கும் ஓசையின் பெரும்பகுதி மோதலால் எழுவதன்று. மோதலின்போது நீருக்குள் சிறைப்படும் காற்றுக் குமிழிகள் சுருங்கி விரிந்து அதிர்வதால் எழுவது. நெதர்லாந்து அறிஞர் மார்செல் மின்னார்ட் 1933இல் வகுத்த வாய்பாட்டின்படி குமிழியின் ஆரம் பெரிதாகப் பெரிதாக அதன் சுரம் தாழும்: ஒரு மில்லிமீட்டர் ஆரமுள்ள குமிழி நொடிக்கு ஏறத்தாழ 3,260 முறை அதிரும், ஒரு சென்டிமீட்டர் ஆரமுள்ளது ஏறத்தாழ 326 முறை அதிரும். பின்னது ஆர்மோனியத்தில் மூன்று கட்டை என்று பாடகர்கள் சொல்லும் சுரத்துக்கு மிக அருகில் இருக்கிறது. ஆழமான பள்ளத்தில் கனத்த நீர் விழும்போது பெரிய குமிழிகளும் அவற்றின் கூட்டங்களும் உண்டாகி அடிக்குரலில் உறுமும். மெல்லிய தாரை பாறையில் சிதறும்போது சிறு குமிழிகளும் திவலைகளுமே மிஞ்சுவதால் சீறல் மேலோங்கும். பேரருவி உறுமுவதும் ஐந்தருவி சீறுவதும் இதனால்தான். தொலைவும் இதில் பங்கு கொள்கிறது: உயர்ந்த அதிர்வெண்களைக் காற்றும் மரங்களும் விரைவில் உறிஞ்சிவிடுவதால், கடைத்தெருவைத் தாண்டி வந்தவருக்குச் சீறல் மறைந்து அடிமுழக்கம் மட்டுமே எஞ்சுகிறது. படத்தில் ஒரு பாத்திரம் அருவியை நோக்கி நடந்து வருகிறது என்றால், ஓசையின் அளவைக் கூட்டிக்கொண்டே போவது போதாது. மேற்பகுதியைச் சிறிது சிறிதாகத் திறக்கவும் வேண்டும். இதைச் செய்யாத படங்களில் அருவி நெருங்கி வராமல், யாரோ வானொலியின் குமிழைத் திருகியது போலவே கேட்கிறது.

எல்லா அதிர்வெண்களும் ஒருங்கே கலந்த இத்தகைய ஓசையில் சுரம் இல்லை என்பதே பாடநூல் கூற்று. எனினும் மனிதச் செவி அதில் சுரத்தைத் தேடாமல் விடுவதில்லை. ஸ்விட்சர்லாந்தின் நிலவியலாளர் ஆல்பர்ட் ஹைம் 1870களில், அருவிகளின் ஓசையில் ச-க-ப என்னும் இணக்கமான கோவையும், அதனோடு ஒட்டாத ஒரு தாழ்சுரமும் கேட்பதாக எழுதினார். கர்நாடக இசை பயின்றவர் ஐந்தருவியின் முன் சிறிது நேரம் நின்றால் அவருடைய சொந்தச் சுருதியே அதில் தம்புராவாக ஒலிக்கத் தொடங்கும்; வேறு கட்டையில் பாடிப் பழகிய இன்னொருவருக்கு அதே நேரத்தில் அதே அருவி வேறு சுருதியில் ஒலிக்கும். இருவரும் கேட்டது உண்மையே, ஏனெனில் எல்லாச் சுரங்களும் அங்கே உள்ளன. இந்த உண்மையைக் கருவியாக்கிக்கொள்ள ஒரு வழி உண்டு. பதிவு செய்த அருவி ஓசையை மிகக் குறுகிய பட்டை வடிகட்டிகளின் வழியே, அதாவது ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணையும் அதன் மிக அண்மையில் உள்ளவற்றையும் மட்டும் அனுமதிக்கும் மின்னணு அமைப்பின் வழியே செலுத்தினால், ஆதார ஷட்ஜமும் பஞ்சமமும் இரைச்சலுக்குள்ளிருந்து மெல்ல எழுந்து வரும். வடிகட்டியைத் தளர்த்தினால் அவை மீண்டும் நீரில் கரைந்துவிடும். வெளியிலிருந்து தம்புராவைக் கொண்டுவந்து அருவியின் மேல் வைப்பதைவிட, அருவியிலிருந்தே சுருதியைப் பிரித்தெடுப்பது படத்திற்கு மிகவும் உகந்தது. சுருதி எப்போது தொடங்கியது, எப்போது முடிந்தது என்று பார்வையாளர் அறியாமலே இசை நுழைந்து வெளியேற முடிகிறது.

பதிவின் வேகத்தைக் குறைப்பது எளிய உத்தியாகத் தோன்றினாலும் அருவியிடம் அது வேறுவிதமாக நடந்துகொள்கிறது. மணியோசையைப் பாதி வேகத்தில் ஒலிக்கவிட்டால் அது ஒரு ஸ்தாயி தாழ்ந்து, இது இயல்பான மணியன்று என்று உடனே காட்டிக்கொடுத்துவிடும். அருவியின் ஓசையைப் பாதி வேகத்தில் ஒலிக்கவிட்டாலோ அது இன்னும் பெரிய அருவியாகவே கேட்கிறது. குறிப்பிட்ட சுரம் இல்லாததால் தாழ்ந்தது என்று உணர ஒப்பீடு இல்லை. மெதுவியக்கக் காட்சிக்கு மெதுவாக்கிய ஓசையை இட்டால் கனவுத்தன்மை வரும் என்று எதிர்பார்க்கும் இயக்குநருக்கு இதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

ஓர் ஓசை இன்னோர் ஓசையைக் கேட்கவிடாமல் செய்வதை ஒலியியலார் மறைத்தல் என்பர். அருவிக்கரையில் வாழும் உயிர்கள் எல்லாம் இந்த மறைத்தலோடு பல்லாயிரம் ஆண்டுகளாக உடன்படிக்கை செய்துகொண்டவை. மேற்குத் தொடர்ச்சி மலையின் ஓடைக்கரைகளில் பருவமழைக் காலத்து விடியலில் பாடும் ‘மலபார் விசிலிங் த்ரஷ்’ என்னும் பறவை, சோம்பலாக நடந்து செல்லும் சிறுவன் ஒருவனின் சீழ்க்கை போன்ற தூய, ஒடுங்கிய ஒலியால் நீரிரைச்சலைத் துளைக்கிறது. அதே மலைத்தொடரின் ஓடைகளில் வாழும் நடனத் தவளைகளோ குரலை மட்டும் நம்பாமல் பின்னங்காலை நீட்டி விரல்களை விரித்து அசைத்து இணைக்கும் எதிரிக்கும் செய்தி சொல்கின்றன. ஐந்தருவிக்கு வரும் மனிதரும் இவ்வாறே நடந்துகொள்வதைக் காணலாம்: ஆண்கள் பகுதியையும் பெண்கள் பகுதியையும் ஒழுங்குபடுத்தும் காவலர் பேச முயல்வதில்லை, விசில் ஊதுகிறார், அவருடைய மறு ஆயுதம் கையசைப்பு. எண்ணெய் தேய்த்துவிடும் தொழிலாளர் முதுகில் தட்டும் தட்டு, குழிந்த உள்ளங்கையின் கூரிய தொடக்கத்தால், சற்றுத் தள்ளி நிற்பவருக்கும் கேட்கிறது. விசில், தட்டு, நீரில் இறங்கியவுடன் தன்னையறியாமல் எழும் கூச்சல் என்ற இம்மூன்றே அருவியின் அருகில் உயிரோடு இருக்கும் மனித ஓசைகள்.

கருவித் தேர்வுக்கான இலக்கணம் இங்கேயே கிடைத்துவிடுகிறது. தமிழ்த் திரையில் உணர்ச்சிக்கு உடனடி மருந்தாகப் பயன்படும் வயலின் வரிசை, மென்மையாகத் தொடங்கி நடு ஸ்தாயியில் நீள்வது. அருவியின் முன் முதலில் மூழ்குவதும் அதுவே. அதைக் கேட்கச் செய்ய வேண்டுமானால் அருவியைத் தணிக்க வேண்டும். அருவியைத் தணித்தால் படம் எதைப் பற்றியதோ அதையே தணித்ததாகும். மாறாக, கூரிய தொடக்கமுள்ள தட்டொலிகளும், மேல்சுரங்கள் நிறைந்த நாகசுரம் போன்ற கருவிகளும், சீழ்க்கையை ஒத்த ஒற்றைப் புல்லாங்குழல் ஒலியும் இரைச்சலோடு சண்டையிடாமலே கேட்கின்றன. திறந்த வெளியிலும் கூட்டத்திலும் ஒலிப்பதற்கென வளர்ந்த நாகசுரம் திருநெல்வேலி மண்ணில் காருகுறிச்சி அருணாசலம் (1921–1964) போன்ற மேதையைக் கண்டதில் வியப்பில்லை; ஆயினும் முழு மேளத்தை ஐந்தருவிக் காட்சியில் நுழைத்தால் உடனே கோயில் திருவிழாவின் நினைவு வந்துவிடும் என்பதால், சீவாளியை மட்டும் தனியே ஊதிய ஒலி போன்ற பகுதிக் கூறுகளே அங்கே பயன்பட்டன.

அங்கே பயன்பட்ட தட்டொலிக் கருவிகளுள் மகுடம் என்னும் பறை பற்றிச் சற்று விரிவாகவே கூற வேண்டும். நெல்லை, தென்காசி, குமரி மாவட்டங்களில் சுடலைமாடன் முதலிய தெய்வங்களின் கொடை விழாக்களில் நிகழும் கணியான் கூத்தில், அண்ணாவி எனப்படும் தலைமைப் பாடகருக்குப் பின்னே இருவர் வட்டச் சட்டகமுள்ள தோற்பறைகளை இசைப்பர், அவையே மகுடம். ஒன்று உயர்ந்த ஒலி தருவது, உச்சம் எனப்படும்; மற்றது தாழ்ந்த ஒலி தருவது, மந்தம் எனப்படும். தோலைத் தீயின் அருகே காட்டிக் காய்ச்சினால் அது இறுகி ஒலி ஏறும். நிகழ்ச்சி நீளும்போது தளர்ந்து இறங்கும். மீண்டும் காய்ச்ச வேண்டும். கோடையில் காய்ச்சிய மகுடம் நெடுநேரம் தாங்கும். சாரல் காலத்தின் ஈரக்காற்றிலோ ஏறிய ஒலி சிறிது சிறிதாக இறங்கிக்கொண்டே வருகிறது. ஒலிப்பதிவுக் கூடத்தில் இது குறையாகக் கருதப்படும். கணினியில் திருத்தியும் விடுவர். ஐந்தருவிப் படத்திற்கு அந்த இறக்கமே தேவைப்பட்டது. காய்ச்சிய உடனே தொடங்கி, தோல் முற்றும் தளரும்வரை ஒரே நடையை இடையறாது வாசிக்கச் செய்தால், தாளம் மாறாமல், கைவேகம் மாறாமல், ஈரம் மட்டுமே இசையை மாற்றிக்கொண்டு போகும். நீண்ட ஒற்றைக் காட்சிக்கு இதைவிடப் பொருத்தமான வளர்ச்சி முறையை எந்தச் சுரக்கோவையும் தரவில்லை. சாரலே அதன் இசையமைப்பாளர் எனினும் மிகையாகாது. இங்கே ஓர் எச்சரிக்கையும் உண்டு. உடுக்கையும் மகுடமும் ஒலித்தால் பேய் வரப்போகிறது என்று பார்வையாளரைத் திரைப்படங்கள் பழக்கி வைத்திருக்கின்றன. வழிபாட்டுக்கு உரிய கருவியை அச்சமூட்டும் பூச்சாக்கும் இவ்வழக்கம் சோம்பலின் விளைவு. கொடை நிகழும் ஊர்களில் அதைக் கேட்டு வளர்ந்தவருக்கு அவ்வோசை அச்சத்தோடு பாதுகாப்பையும் தருவது.

மெட்டு அறவே வேண்டாம் என்று இதற்குப் பொருளில்லை. குற்றாலத்திற்குத் தனக்கென்றே ஓர் இசைநாடக மரபு இருக்கிறது. தென்காசியை அடுத்த மேலகரத்தைச் சேர்ந்த திரிகூடராசப்பக் கவிராயர் 18ஆம் நூற்றாண்டில் இயற்றிய ‘குற்றாலக் குறவஞ்சி’, குற்றாலநாதர்மேல் காதல் கொண்ட வசந்தவல்லியையும், அவளுக்குக் குறி சொல்ல வரும் சிங்கியையும், பறவை பிடிக்கும் சிங்கனையும் கொண்டு, விருத்தமும் கண்ணியும் கீர்த்தனையுமாகப் பாடி ஆடுவதற்கென அமைந்தது. ருக்மிணி தேவியின் கலாக்ஷேத்திரா 1944இல் அதை நாட்டிய நாடகமாக மேடையேற்றியபோது வீணை கிருஷ்ணமாச்சாரியார் இசையமைத்தார். இம்மரபுக்கு நெருக்கமான, நாட்டார் மெட்டுகளோடு உறவுடைய குறிஞ்சி, நவரோஜ், புன்னாகவராளி போன்ற ராகங்களின் இயல்பு ஒன்று சோதனைப் படத்திற்கு மிகவும் உதவுவது. பெரிய ராகங்கள் மூன்று ஸ்தாயிகளில் உலவ, இவை சிறிய எல்லைக்குள் அடங்குபவை. எடுத்துக்காட்டாக, குறிஞ்சி கீழே மந்திர நிஷாதத்தையும் மேலே தைவதத்தையும் தாண்டுவதில்லை. மேல் ஷட்ஜத்தை எட்டி நிறைவு காண்பது என்ற நாடகத் தருணம் அதற்கு இல்லை. கதையின் உச்சம் என்ற ஒன்று இல்லாத படத்தில், உச்சத்தை எட்டாத ராகம் நெறி தவறாமல் நெடுநேரம் உலவ முடிகிறது. ஒவ்வொரு நிலத்தின் கருப்பொருள்களாகத் தெய்வம், மரம், பறவை ஆகியவற்றோடு பறையையும் யாழையும் சேர்த்து எண்ணிய தொல்காப்பியம், ஓசையும் நிலத்தில் விளைவது என்ற எண்ணத்தையே முன்வைக்கிறது. ஆயினும் குறிஞ்சி நிலத்துக்குக் குறிஞ்சி ராகம் என்று பெயரைப் பார்த்துப் பொருத்துவது சிறுபிள்ளைத்தனம். பண்டைப் பண்ணும் இன்றைய ராகமும் ஒன்றென்று கொள்ள முகாந்திரமில்லை. இங்கே தேர்வுக்குக் காரணம் ராகத்தின் எல்லையே.

உலகின் ஏனைய இடங்களில் இத்துறை சென்ற வழிகளை அறிந்திருப்பது துணைசெய்யும், ஆனால் அளவோடு. பிரான்சின் பியர் ஷெஃபர் 1948இல் ரயில் ஓசைகளின் பதிவுகளைத் தொகுத்து இசையாக்கியதும், கனடாவின் மர்ரே ஷாஃபர் ஓர் இடத்தில் எப்போதும் ஒலித்து, அதனாலேயே கவனிக்கப்படாமல் போகும் ஓசையை அவ்விடத்தின் ஆதார ஓசை என வகைப்படுத்தியதும், மணி கௌல் தாமே துருபத் பயின்று 1982இல் ‘துருபத்’ என்னும் படத்தை ஆலாபனையின் நிதானத்தில் அமைத்ததும் குறிப்பிடத்தக்கவை. அளவோடு என்றதற்குக் காரணம் உண்டு: படத்தொகுப்பாளர்கள் தற்காலிகமாக இட்டுவைக்கும் ‘டெம்ப் டிராக்’ என்னும் கடன் இசையாகப் பெரும்பாலும் வெளிநாட்டுச் சோதனைப் படங்களின் இசைத்தட்டுகளே வருகின்றன. இயக்குநரின் செவி அதில் பழகிவிட்டால் ஐந்தருவி ஐஸ்லாந்தாகிவிடும். முதல் தொகுப்பைச் சூழல் ஓசையோடு மட்டும் பார்க்க வேண்டும் என்று ஒப்பந்தத்தின்போதே கேட்டுக்கொள்வது பயன் தரும்.

பதிவு செய்யும் முறையில் அறிய வேண்டியவை சிலவே. கண்டன்சர் வகை ஒலிவாங்கி ஈரத்தில் வெடிப்பொலி எழுப்பும் இயல்புடையதாதலால், திவலை எட்டாத தொலைவிலும் காற்றுத் தடுப்புறைக்குள்ளும் அது இருக்க வேண்டும். பாறையோடும் கைப்பிடிக் குழாயோடும் ஒட்டிவைக்கும் தொடு ஒலிவாங்கி காற்றின் ஓசையை விலக்கி அதிர்வை மட்டும் தரும். குளிப்பவர்கள் பற்றிக்கொள்ளும் இரும்புக் குழாய்கள் அருவியின் அடிமுழக்கத்தைத் தாங்கி நிற்பதை அதன் வழியேதான் கேட்க முடியும். சீசன் நாட்களில் கூட்டம் இரவிலும் ஓய்வதில்லை. வெள்ளம் பெருகிக் குளிக்கத் தடை விதிக்கப்படும் வேளைகளே ஆளரவமற்ற பதிவுக்கு ஏற்றவை. அப்போது காவல்துறையின் அனுமதியும் பாதுகாப்பான தொலைவும் இன்றியமையாதவை.

இறுதி ஒலிக்கலவையில்தான் இவை எல்லாம் சோதனைக்கு உள்ளாகின்றன. திரையரங்கின் ஒலிபெருக்கிகளைச் சீரமைக்கும் தொழில்நுட்பர்கள் பிங்க் நாய்ஸ் எனப்படும், ஒவ்வொரு ஸ்தாயியிலும் சம ஆற்றலுள்ள இரைச்சலைச் செலுத்தி, திரைக்குப் பின்னுள்ள ஒவ்வொரு ஒலிபெருக்கியும் 85 டெசிபல் தருமாறு அமைப்பது வழக்கம். அந்த இரைச்சல் சற்றுத் தொலைவிலிருந்து கேட்கும் அருவிக்கு நெருங்கிய உறவினர். கலவைக்கூடத்தில் இவ்வளவு துல்லியமாக இருப்பது ஊர்த் திரையரங்குக்குப் போகும்போது மாறிவிடுகிறது: ஒலியளவு குறைக்கப்படும், குளிர்சாதனப் பொறியும் மின்விசிறியும் தாமே ஒரு சிற்றருவியாக இரையும். அந்நிலையில் படத்தின் அருவி ஒலிபெருக்கியின் பழுதாக எண்ணப்படக்கூடும். ஆகவே அருவி திரையில் தெரிவதற்கு முன் அதன் ஓசையைத் தொடங்கும் வழக்கமான உத்தியைக் கைவிட்டு, நீரைக் காட்டிய பிறகே ஓசையைத் திறப்பதும், வடிகட்டிய சுருதியைக் குறைந்த ஒலியளவிலும் ஒருமுறை கேட்டுப் பார்த்து, அது மறைந்துபோகும் இடங்களில் மகுடத்தின் உச்சத்தை மட்டும் சற்று முன்னே கொண்டுவருவதும் அப்படத்தின் கலவையில் பின்பற்றப்பட்டன.